வேண்டாம் என்று சொன்னதற்குக் கூலி

மனை பார்க்கப் போகும்போது பத்திர நகலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார் பெரியப்பா. காகிதம் கையில் இருந்தால் வாங்க வந்தவர் அதையே புரட்டிக்கொண்டிருப்பார், மண்ணைப் பார்க்க மாட்டார் என்பது அவர் கணக்கு. நிலத்துக்குப் போனதும் விற்கிறவரை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரைத் தேடிப் போவார். "மழ பேஞ்சா தண்ணி எங்கேருந்து இங்க வருது? எந்தப் பக்கமா வெளிய போவுது?" என்று கேட்பார். விலை, பட்டா, ரோடு வசதி பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. திருக்கழுக்குன்றத்தில் நிலத் தரகு செய்தவர். சார்பதிவாளர் அலுவலகத்துப் பக்கம், பத்திரம் எழுதுகிறவர்களின் மேசைகளுக்கு நடுவே அவரைப் பகல் முழுவதும் பார்க்கலாம். ஒரு டிவிஎஸ் 50, ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஜெராக்ஸ் கட்டும் அளவு டேப்பும். அவர் மகன் செங்கல்பட்டில் என் அப்பாவிடம் படித்தவர். அந்தப் பழக்கத்தில் அப்பா அவரை அண்ணே என்று அழைக்க, எங்களுக்கு அவர் பெரியப்பா ஆனார். அப்பா 2003-இல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வாடகை வீட்டை விட்டுச் சொந்த மண்ணில் குடியேற வேண்டும் என்ற ஆசையை முதலில் சொன்னது அம்மாவிடம், அடுத்தது பெரியப்பாவிடம்.

தண்ணீரைப் பற்றி அவர் அவ்வளவு கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் கொளவாய் ஏரியை ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஊருக்கு ஊர் அப்படி ஒன்று, அதற்கு ஒரு மதகு, ஒரு கலங்கல், ஒரு வரத்துக்கால்வாய். ஏரிப் பாசனத்து நிலம் சில வருடம் தரிசாகக் கிடந்தால் போதும், செம்மண் கொட்டி, கல் நட்டு, மனை போட்டுவிடுவார்கள். கல் நடுகிறவர்கள் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான் விற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் கூட்டிப் போக மாட்டார்கள். பெரியப்பா எங்களை மழைக்காலத்தில்தான் அதிகம் கூட்டிப் போனார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு அப்பா நின்ற நிலங்கள் சிலவற்றை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தேன். வீடுகள் வந்துவிட்டிருந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஜன்னல் மட்டத்துக்கு இருந்தது.

அப்பாவுக்குக் கடல் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை 2002-இல் சுங்கச் சாலை ஆன பிறகு, மாமல்லபுரம் பக்கம் சென்னைப் பணம் வேகமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. நெம்மேலிப் பக்கம் ஒருவர் சல்லிசாக இடம் காட்டினார். பெரியப்பா சர்வே எண்ணைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிட்டார். நெம்மேலியிலிருந்து சாலவான்குப்பம் வரை ஆளவந்தார் நாயகர் அறக்கட்டளைக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ள சொத்து. துறையின் அனுமதி இல்லாமல் அதில் ஒரு சென்ட்கூட விற்க முடியாது. தேவனேரிப் பக்கம் பார்த்தது கடலுக்கு மிக அருகில். அன்று நடப்பில் இருந்த 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பாணையின்படி, கிராமக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. ஊருக்குள்ளேயே பார்க்கலாம் என்றால் பல்லவர் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடமே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் ஆசையை அப்பா தானாகவே விட்டுவிட்டார்.

பூஞ்சேரியிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் பார்த்த ஒரு நிலம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மேட்டு நிலம், நல்ல கிணறு, வரப்பில் பனை. பட்டா சரியாக இருந்தது, வில்லங்கச் சான்றும் சுத்தம். அப்பா அன்றைக்கே டோக்கன் கொடுக்கத் தயார். பெரியப்பா மட்டும் ஒரு வாரம் கேட்டார். அந்த வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் அலைந்து, பழைய அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பத்திரம் நல்லாதான் கீது வாத்தியாரே. ஆனா அது டி.சி. நெலம். வாணாம்."

பஞ்சமி நிலத்தைத்தான் அப்படிச் சொன்னார். அந்த நிலத்தின் கதை எங்கள் மாவட்டத்திலேயே தொடங்கியது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இங்குள்ள தலித் மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று 1891-இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892-இல் வந்த ஆணைப்படி சென்னை மாகாணம் முழுவதும் அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறி எத்தனையோ கை மாறிவிட்டது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டக் கணக்கு எழுதப்பட்டபோது பழைய குறிப்பே காணாமல் போன ஊர்களும் உண்டு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாகத் தெரிவது அதனால்தான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அந்த நாளை மறக்காதவர்கள். சட்டச் சிக்கல் வரும் என்பதை மட்டும் பெரியப்பா சொல்லியிருந்தால் அப்பா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். "வேற ஒருத்தருக்குன்னு குடுத்தது, நம்ம வேலி போட வாணாம்" என்று அவர் சேர்த்துச் சொன்னதும் அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்று குன்னத்தூர் பக்கம். அண்ணன் தம்பி இருவர் பெயரில் கூட்டுப் பட்டா. முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு பதிவும் இல்லை. புளியமரத்தடியில் நின்று பெரியப்பா கேட்டார்.

"கூடப் பொறந்த பொண்ணுங்க எத்தினி பேரு?"

"ஒரே தங்கச்சி. சதுரங்கப்பட்டினத்துல கட்டிக் குடுத்தாச்சிண்ணே. சீர்லாம் கொறையில்லாம செஞ்சிட்டோம்."

"சீர் செஞ்சது சரி. கையெழுத்து போட்டுச்சா?"

விடுதலைப் பத்திரம் இல்லை. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் 1956 சட்டப்படியே மகளுக்குப் பங்கு உண்டு; பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டத்தைத் திருத்தியது; 2005-இல் அது நாடு முழுவதற்குமானது. ஆனாலும் எங்கள் ஊர்களில் வாரிசு என்றால் பையன்களை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணன் தம்பிகளின் சம்மதத்தோடு பெரியப்பா சதுரங்கப்பட்டினம் போனார், நானும் அப்பாவும் கூடப் போனோம். அந்த அம்மா காபி கொடுத்தார். "அம்மா செத்த பொறவு ஒரு நாள் வந்து எட்டிப் பாக்கலைங்க. கையெழுத்துக்கு மட்டும் ஆள் அனுப்பறாங்களா?" என்றார். பெரியப்பா அவரை வற்புறுத்தவில்லை, ஒரு தொகை கொடுத்துச் சரிக்கட்டலாம் என்ற பேச்சையும் எடுக்கவில்லை. வெளியே வந்து வண்டியை உதைத்துக் கிளப்பும்போது அப்பாவிடம், "அவங்க அண்ணன் தம்பி வந்து பேசட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றார். அவர்கள் வரவில்லை. வேறொருவருக்கு விற்றார்கள்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. கடைசியில் 2006-இல் செங்கல்பட்டு ஊருக்கு வெளியே, திருக்கழுக்குன்றம் சாலையில், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் ஒரு கிரவுண்ட் வாங்கினோம். கிரயம் முடிந்த அன்று அப்பா இரண்டு சதவீதம் கொடுத்தார். மூன்று வருட அலைச்சலுக்குப் பெரியப்பாவுக்கு எங்களிடமிருந்து கிடைத்தது அது மட்டும்தான். பெட்ரோல், ஜெராக்ஸ், வில்லங்கம் போட்டுப் பார்த்த கட்டணம் எல்லாம் அவர் கைக்காசு.

அவர் வேண்டாம் என்ற நிலங்கள் பின்னால் என்ன விலைக்குப் போயின என்று என் அத்தை இன்றும் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு பொய் இல்லை. பூஞ்சேரி வழியில் அன்று வாங்கியிருந்தால் இன்று நாங்கள் வசதியானவர்கள்தான். நம்பிக்கையான தரகரால் லாபம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று இது எங்கள் நிலம் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நியாயம் உள்ளவர் யாரும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்பா வாங்க நினைத்தது அதைத்தான்.

எங்களை விட்டுக்கொடுக்காத அந்த மனிதரை எங்கள் குடும்பத்தாரே விட்டுக்கொடுத்ததையும் எழுதியாக வேண்டும். சித்தப்பா மணமைப் பக்கம் ஒரு இடம் பார்த்தார். பெரியப்பா தாய்ப்பத்திரம் வரை போய்ப் பார்த்து, வாரிசுகளை விசாரித்து, புலப்படத்தோடு நான்கெல்லையையும் ஒத்துப் பார்த்து, "தாராளமா வாங்கலாம்" என்று சொன்ன இடம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அபூர்வமாகத்தான் வரும். சித்தப்பா, "இப்போ பணம் தோதுபடலண்ணே" என்றார். ஒரு மாதம் போனது. சித்தப்பா நேராகப் பார்ட்டியைப் பிடித்து, இரண்டு பக்கக் கமிஷனும் மிச்சம் என்று பேசி, விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பத்திரம் போடத் திருக்கழுக்குன்றம் வந்தார். வந்து இறங்கிய இடத்தில், பத்திரம் எழுதுகிறவரின் மேசைப் பக்கத்தில், வழக்கம்போல் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தாராம். "சாட்சிக்கு ஆள் இருக்கா தம்பி?" என்று கேட்டாராம். சித்தப்பாவே பிற்பாடு இதைச் சொன்னார். சொல்லும்போது அவரால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சித்தப்பா கொடுக்க வேண்டிய கமிஷனை அப்பா எடுத்துக்கொண்டு போனார். "நீங்க ஏன் குடுக்கணும்?" என்று பெரியப்பா வாங்க மறுத்துவிட்டார்.

சித்தப்பாவுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நல்ல இடம், இன்றும் அவர் பிள்ளைகளிடம் இருக்கிறது. கெடுதல் அடுத்து வந்தவர்களுக்குப் போனது. அதற்குப் பிறகு பெரியப்பா முன்கூட்டியே சர்வே எண் சொல்வதை நிறுத்தினார். விற்கிறவர் பெயரைச் சொல்ல மாட்டார், நிலத்தைத் தூரத்திலிருந்து காட்டுவார், டோக்கன் வைத்த பிறகுதான் நகலைக் கண்ணில் காட்டுவார். மற்ற தரகர்கள் எல்லாரும் முன்பிருந்தே செய்ததுதான். அவரும் அப்படி ஆனது எனக்கு வருத்தம். ஆடு மேய்க்கிறவரிடம் போய்க் கேட்கும் நேரமும் குறைந்தது, ஏனென்றால் கேட்டுச் சொல்கிற விஷயத்தை வாங்குகிறவர் இலவசமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் வந்துவிட்டது.

இந்தப் பயம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசு இணையத்தில் வைத்துவிட்டது, வில்லங்கத்தையும் பதிவுத் துறை இணையத்திலேயே பார்க்கலாம். மக்களுக்கு அது பெரிய நன்மை. சர்வே எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால் யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். அதனாலேயே தரகர்கள் அந்த எண்ணை உயிரே போனாலும் சொல்வதில்லை. எண் இல்லாமல் எதைச் சரிபார்ப்பது? சரிபார்க்காமலே முன்பணம் கொடுக்கிறார்கள். நாம் தரகரைத் தாண்டிப் போவோம் என்று அவர் மறைக்கிறார், அவர் மறைக்கிறார் என்பதால் நாம் அவரை நம்புவதில்லை.

சட்டமும் இதைத் தொடவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் முகவருக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் கூலி. ஒப்படைத்த வேலையில் முறைகேடு செய்தால் அந்த வேலைக்குக் கூலியே இல்லை. நியாயமான விதிகள்தான். ஆனால் நிலத் தரகில் வேலை முடிவது என்றால் கிரயம் முடிவது என்றுதான் எல்லாரும் பொருள் கொள்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் தரகர் தன் கூலியையே வேண்டாம் என்கிறார். வாரம் ஒரு முறை அதைச் செய்து குடும்பம் நடத்த எத்தனை பேரால் முடியும்?

பெரியப்பாவின் மகனால் முடியவில்லை. அவர் மனை விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். தாம்பரத்திலிருந்து ஞாயிறுதோறும் இலவச வேன், சைட்டில் பந்தல் போட்டுச் சாப்பாடு, அன்றைக்கே முன்பதிவு செய்தால் தங்கக் காசு. பஞ்சாயத்து அப்ரூவல் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது வேனில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தபோது அந்தக் குடும்பங்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் கடன் கிடைக்காமல் நின்றன. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். கட்டணம் கட்டியது வாங்கியவர்கள்தான். பெரியப்பா அதற்குள் காலமாகியிருந்தார். அவர் மகனைத் தேடி வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். கம்பெனியைத் தேடி அவர்கள் எங்கே போவார்கள்? சிரித்துப் பேசிக் கூட்டிப் போன முகம் அவருடையதுதானே.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ பதிவு செய்யாமல் விற்க முடியாது. அவற்றை விற்றுத்தரும் முகவரும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தங்கக் காசு வியாபாரத்துக்கு இது நல்ல கடிவாளம், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் குன்னத்தூர் அண்ணன் தம்பி நிலமும், பழைய வீடும், கைமாறி வரும் ஒற்றை மனையும் அதற்குள் வராது. பெரியப்பா வாழ்நாள் முழுவதும் செய்தது அந்த வியாபாரம்தான். அங்கே இன்னும் வாய்ப்பேச்சுதான் சட்டம். அமெரிக்காவில் பெரிய வழக்கு ஒன்றின் சமரசத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குகிறவர் தன் முகவரோடு வீடு பார்க்கப் போகும் முன்பே அவருக்கு எவ்வளவு கூலி என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது. செய்தியைப் படித்தபோது, இதை நாங்கள் 2006-க்கு முன்பே செய்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

போன வருடம் நானும் கணவரும் திருப்போரூர் பக்கம் இடம் தேடத் தொடங்கினோம். பெரியப்பாவின் மகனைக் கூப்பிட்டேன். கம்பெனியை விட்டுவிட்டு, பதிவு செய்த முகவராகத் திருக்கழுக்குன்றத்தில் தனியாகத் தொழில் செய்கிறார். வயதில் எனக்கு அண்ணன், அப்படியே கூப்பிடுகிறேன். ஒரு நிலத்தை முழுதாக விசாரித்துச் சொன்னால் இவ்வளவு என்று ஒரு தொகை பேசினோம். வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவருக்கு. வாங்கினால் கமிஷனில் கழித்துக்கொள்ளலாம். முதல் நாளே சர்வே எண்ணை எனக்குச் சொல்லிவிட வேண்டும்; அவர் இல்லாமல் நாங்கள் பார்ட்டியிடம் பேச மாட்டோம். ஒரு பக்கத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

முதல் இடத்தை வேண்டாம் என்றார். வரத்துக்கால்வாய் குறுக்கே போகிறது, புலப்படத்தில் இருக்கிறது, தரையில் தூர்ந்துவிட்டது என்று போட்டோவோடு அனுப்பினார். பணத்தைக் கொடுத்தபோது, "வேலை ஒண்ணும் முடியலியேம்மா" என்று தயங்கினார். முடிந்துவிட்டது என்று சொல்லிக் கையில் வைத்தேன். அடுத்ததையும் வேண்டாம் என்றிருக்கிறார், அதற்கும் கொடுத்தாயிற்று. இன்னும் இடம் அமையவில்லை. தாளைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பத்திர எழுத்தர் ஒருவர் நகல் வாங்கிப் போனார். போகிறபோது இதை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கலாமா, தன்னிடம் வருகிற பார்ட்டிகள் நாலைந்து பேர் கேட்கிறார்கள் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.